பிரீமுக்குப் புட்டுமாவு, கெண்டைக்குச் சுண்டல்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் தொடங்கி மே நடுவரை ஆறு சனிக்கிழமை ஏரிக்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்தேன். இரைக்கு மட்டும் அறுபது பவுண்டுக்கு மேல் போயிருக்கும். கிடைத்தது விரல் நீளத்தில் நாலு ரோச் மீன். இருபதடி தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், கையில் ஒரு ரொட்டிப் பாக்கெட், ஒரு டின் சோளம், அவ்வளவுதான், தட்டு தட்டாகப் பிரீம் மீனைத் தூக்கி, தூண்டில் முள்ளை எடுத்து, திரும்பத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தார். பொறாமைதான், வேறென்ன.

நான் இருப்பது இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் பக்கம். கிரேட் ஊஸ் ஆற்றை ஒட்டி ஒரு காலத்தில் சரளைக்கல் தோண்டி எடுத்த குழிகள் நிறைய உண்டு, எல்லாம் தண்ணீர் நிரம்பி இப்போது ஏரியாகக் கிடக்கின்றன. அதில் ஒன்றில்தான் எனக்குச் சந்தா. கரையோரம் ஆறடி, நடுவில் ஒன்பதடி ஆழம், அடியில் கருப்புச் சேறு, இடையிடையே சரளைத் திட்டு. மீன் பிடிக்க அரசு உரிமம் வேண்டும். பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது கிளப் சட்டம். இதை அம்மாவிடம் போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம், "குளிர்ல போய் உக்காந்து, மீனுக்குச் சாப்பாடு போட்டுட்டு வர்றியா?" என்றார். யோசித்தால் அதுதான் உண்மை. அந்தச் சாப்பாட்டை எப்படிப் போடுவது என்று கற்றுக்கொள்ளத்தான் இந்த நாலு மாதமும் போனது.

தஞ்சாவூர்ப் பக்கம் வாய்க்காலில் மூங்கில் கழியும் மண்புழுவும் வைத்து ஜிலேபி பிடித்தவன் நான். அங்கே இரை என்பது முள்ளில் இருப்பது மட்டும். இங்கே அது பாதிதான். முள்ளைச் சுற்றிலும் ஏரியின் அடித்தரையில் தீவனம் போட்டு, மீனை வரவழைத்து, வந்ததைப் போகவிடாமல் பிடித்து வைக்க வேண்டும். தரைத் தீவனம் ஒரு வேலை, முள் இரை வேறு வேலை என்பதே எனக்கு மூன்றாவது வாரம்தான் உறைத்தது.

பிரீம், கெண்டை இரண்டு மீனையும் பற்றிக் கொஞ்சம். பிரீம் நம் ஊரில் கிடையாது. வாவல் மீனைக் கொஞ்சம் பெரிதாக, முதுகு கூனி, வெண்கல நிறத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பு முழுக்கக் கொழகொழவென்று வழியும். பெரியதைக் 'குப்பைத்தொட்டி மூடி' என்று இங்கே கேலியாகச் சொல்வார்கள். கூட்டமாகத்தான் மேயும், தலையைக் கீழே சாய்த்து, வாயைக் குழாய் மாதிரி நீட்டி, சேற்றோடு உறிஞ்சிச் சலித்துத் தின்னும். கெண்டை நமக்குத் தெரிந்ததுதான். ஊரில் பண்ணைக் குட்டைகளில் கட்லா, ரோகுவோடு சேர்த்து விடுகிறார்களே, அதே சாதாக்கெண்டை. ஊட்டி ஏரிக்கு 1939-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்ட கண்ணாடிக் கெண்டையும் இந்த இனம்தான். தாடையில் பல் இருக்காது, தொண்டைக்குள் இருக்கும். நத்தையைக்கூட அதில் வைத்து நொறுக்கிவிடும். இரண்டுக்குமே இரைப்பை என்று தனியாகக் கிடையாது, தின்றது நேரே குடலுக்குப் போகும். அதனால் ஒரேயடியாக வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படுக்கிற மீன் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கும். ஆனால் தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் தின்பது வெகுவாகக் குறைந்துவிடும். ஏப்ரல் முதல் வாரக் குளிரில் மூன்று கிலோ தீவனத்தைக் கொட்டிவிட்டு நாள் முழுக்கக் காத்திருந்தவனுக்கு இது அப்போது தெரியாது.

சரி, வேலைக்கு வருவோம்.

மே கடைசியில் தூண்டில் கடையில் தீவனப் பைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பெல்ஜியம் பக்கத்துச் சரக்கு ஒன்று, பெயர் கொப்ரா மெலாஸ். பையைக் கொஞ்சம் திறந்து மோந்தேன். தாத்தா வீட்டு மாட்டுக்கொட்டகை! கல்தொட்டியில் ஊறவைத்த தேங்காய்ப் புண்ணாக்கு, மேலே கொஞ்சம் வெல்லப்பாகு ஊற்றின மாதிரி. பின்னால் எழுதியிருந்ததைப் படித்தால் அதேதான்: தேங்காய்ப் புண்ணாக்கில் கரும்புப்பாகு கலந்தது. கொப்ரா என்ற சொல்லே நம் பக்கத்துக் கொப்பரை போர்ச்சுகீசியர் வாயில் நுழைந்து போனதுதான். அடுத்த தட்டில் பிரீமுக்கென்று ஒரு வாசனைப் பொடி இருந்தது, கைப்பிடி அளவுதான், ஆறு பவுண்டு. மோந்தால் மல்லி. வெறும் கொத்தமல்லி விதைப் பொடி. பிரீம், ரோச் தீவனத்தில் மல்லி போடுவது ஐரோப்பாவில் பழைய வழக்கமாம். அடுத்த டப்பா சோம்பு, அதற்கடுத்தது வெந்தயம்.

அன்றைக்குத் தூண்டில் கடையில் கொப்ரா மட்டும் வாங்கிக்கொண்டு நேரே இலங்கைத் தமிழர் மளிகைக் கடைக்குப் போனேன். மல்லி ஒரு கிலோ, சோம்பு, வெந்தயம், ரவை இரண்டு கிலோ, கொண்டைக்கடலை இரண்டு கிலோ. கடைக்கார அண்ணர் பில் போட்டுக்கொண்டே, "என்ன தம்பி, வீட்டில விசேஷமோ?" என்றார். மீனுக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது, ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரமும் அதே சாமான் வாங்கப் போனபோதுதான் சிக்கல்.

தரைத் தீவனம், முதல் முயற்சி. ரொட்டித்தூள் ஒரு கிலோ, மொறமொறப்பான மக்காச்சோள ரவை கால் கிலோ, கொப்ரா கால் கிலோ, நன்றாக உருண்டை பிடிக்கட்டும் என்று கால் கிலோ மைதா. லேசாக வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்த மல்லி இரண்டு தேக்கரண்டி, சோம்பு ஒன்று. வாசனை தூக்கியது, எனக்கே ஒரு வாய் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. உருண்டையும் அழகாக வந்தது. ஏரியில் ஆறு உருண்டை எறிந்தேன், நாலு மணி நேரம் தூண்டில் நுனி அசையவே இல்லை. கிளம்பும்போது கரையோரம் கைதவறி விழுந்த ஓர் உருண்டை தண்ணீருக்குள் தெரிந்தது, போட்டது போட்டபடி முழு லட்டு மாதிரி உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் விளங்கியது. மீன் லட்டைக் கடித்துத் தின்னாது. அது உதிர்ந்து தரையில் பரவினால்தான் மேய்வதற்கு ஏதாவது இருக்கும்.

வீட்டுக்கு வந்து ஒரு பெரிய ஊறுகாய்க் கண்ணாடி ஜாடியில் தண்ணீர் பிடித்து, ஒவ்வொரு கலவையாக எலுமிச்சை அளவு உருண்டை போட்டு, கைப்பேசியில் நேரம் பார்த்தேன். மைதா போட்டது நாற்பது நிமிடம் ஆகியும் கரையவில்லை. மைதாவை எடுத்துவிட்டு, தண்ணீரையும் குறைத்தால் அடியைத் தொடும் முன்பே பொடிப்பொடியாகிவிட்டது. ஒன்பதடி ஆழத்தில் அது நடந்தால் தீவனம் எங்கேயோ, முள் எங்கேயோ. இன்னொன்றும் கண்ணில் பட்டது: கொப்ராத் துகள்கள் மேலே மேலே எழும்பி வந்து மிதந்தன. பார்க்க அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். அடுத்த வாரம் அந்தத் துகளுக்கு ஊரில் உள்ள ரோச் குஞ்செல்லாம் வந்து கூடிவிட்டன. பிரீமுக்குத் தீவனம் தரையோடு செத்துக் கிடக்க வேண்டும், மேலே எழும்பக் கூடாது. கொப்ராவை நூறு கிராமுக்குக் குறைத்து, முதல்நாள் இரவே தண்ணீர் தெளித்து ஊறவைத்த பிறகு அந்தத் தொல்லை விட்டது.

சரியான பதம் எது என்று இணையத்தில் எத்தனையோ படங்கள் பார்த்தும் கைக்கு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி புட்டுக்கு மாவு பிசிறிக்கொண்டிருந்தாள். கையில் பிடித்து அழுத்தினாள், பிடிபட்டது. கட்டைவிரலால் தட்டினாள், உதிர்ந்தது. "இதுதான்!" என்று நான் கத்தியதில் அவள் பயந்துவிட்டாள். தரைத் தீவனத்தின் பதம் புட்டுமாவுப் பதம், அவ்வளவுதான் விஷயம். தண்ணீரை ஒரே தடவையில் ஊற்றாமல் தெளித்துத் தெளித்துப் பிசிறி, இருபது நிமிடம் மூடி வைத்தால் ரொட்டித்தூள் ஈரத்தைக் குடித்துவிட்டு மறுபடி உலர்ந்தாற்போல இருக்கும். இரண்டாம் தடவை கொஞ்சம் தெளித்து, கடைசியில் சல்லடையில் தேய்த்துக் கட்டியை உடைத்துவிட வேண்டும். இந்தச் சல்லடை விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கட்டிக்குள் உலர்ந்த மாவு இருந்தால் அது தண்ணீருக்குள் போய் ஊறி, மிதந்து, உருண்டையையே கலைத்துவிடும். ஒரு கிலோ கலவைக்கு அரை லிட்டரில் தொடங்கிப் பார்த்துப் பார்த்துச் சேர்க்கிறேன், அளவு ரொட்டித்தூளைப் பொறுத்து மாறும், கை சொல்வதுதான் கணக்கு. இப்போது என் உருண்டை ஜாடியில் இரண்டாவது நிமிடம் விரிசல் விட்டு ஐந்தாவது நிமிடத்தில் ஒரு சின்னக் குவியலாகிவிடுகிறது.

முள் இரைக்குப் பிரீமிடம் பெரிய வித்தை ஒன்றும் வேண்டியதில்லை. 14 எண் முள்ளில் டின் சோள மணி இரண்டு, இல்லாவிட்டால் ஒரு சிவப்பு மண்புழுவின் பாதி. புழுவைக் கத்தரித்துப் போட்டால் சாறு இறங்கும், முழுப் புழுவைவிட அது மேல். தீவனத்திலும் நறுக்கிய புழு ஒரு பிடி, சோளம் ஒரு பிடி கலந்துகொள்கிறேன். ஈப்புழுவும் நல்ல இரைதான், இங்கே எல்லாத் தூண்டில் கடையிலும் அளந்து விற்பார்கள். ஆனால் அதைக் குளிரில் வைக்காவிட்டால் கூட்டுப்புழுவாகி, அப்புறம் ஈயாகிவிடும். பிரிட்ஜில் தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒரு டப்பா வைத்தேன். ஒரே நாள்தான். "ஏங்க, இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டாள், நியாயம்தானே. ஈப்புழுவை அத்தோடு விட்டுவிட்டேன்.

கெண்டைக்குக் கதை வேறு. சோளம் போட்டால் ரோச் வந்து நோண்டிவிட்டுப் போய்விடும், அதனால் சின்ன மீன் வாய்க்குள் போகாத, கெட்டியான ஏதாவது வேண்டும். கொண்டைக்கடலை இங்கே பேர்போன கெண்டை இரை, நமக்கோ நவராத்திரிச் சுண்டல். இதில்கூடக் கோட்டை விட்டேன் என்றால் நம்புவீர்களா? குக்கரில் சுண்டலுக்கு வைக்கிற மாதிரியே ஐந்து விசில் விட்டேன், நமக்குச் சாப்பிட நன்றாக இருந்தது, ஆனால் தூண்டிலை வீசிய வேகத்தில் கடலை தனியாகப் பறந்துபோய் விழுந்தது. இப்போது 24 மணி நேரம் ஊறவைத்து, இரண்டே விசில், விரலால் அழுத்தினால் நசுங்காமல் நகம் மட்டும் இறங்குகிற பதம். வெந்த தண்ணீரிலேயே கொஞ்சம் சர்க்கரை போட்டு இன்னொரு நாள் ஊறவிடுகிறேன், தண்ணீர் கொழகொழவென்று கெட்டியாகும், அந்தத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், தீவனத்தைப் பிசிற அதுதான் நல்லது. ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம்: ஊறாத, வேகாத பருப்பு, கொட்டை எதையும் ஏரியில் போடாதீர்கள். அது மீனின் குடலுக்குள் போய் ஊதினால் பாவம். இந்தப் பயத்தில்தான் பல ஏரிகளில் சில கொட்டை வகைகளுக்குத் தடையே போட்டிருக்கிறார்கள்.

கடலையை முள்ளில் குத்துவதும் இல்லை. முள்ளின் தண்டிலிருந்து ஒரு மெல்லிய நூல் தொங்கும், கடலை அதில் கோத்திருக்கும், முள் வெறுமனே இருக்கும். கெண்டை எதையும் உறிஞ்சி, பிடிக்காவிட்டால் துப்பிவிடும். துப்பும்போது கடலை போய்விடும், பின்னாலேயே வருகிற முள் உதட்டில் மாட்டும். லென் மிடில்டன், கெவின் மேடாக்ஸ் என்ற இருவர் 1980 வாக்கில் இங்கிலாந்தில் கண்டுபிடித்த ஏற்பாடு இது, முதலில் நிஜமாகவே மனிதத் தலைமுடியைத்தான் கட்டினார்களாம், 'ஹேர் ரிக்' என்ற பெயர் அதனால்தான். கோப்பதற்குத் தனி ஊசி விற்கிறார்கள். நான் பூத்தையல் ஊசியின் காதை ஒரு பக்கம் அறுத்துக் கொக்கியாக்கிக்கொண்டேன்.

அப்புறம் பாய்லி. அவித்த உருண்டை இரை. அறுபது பவுண்டில் பெரும்பங்கு இதற்குத்தான் போனது. ஃபிரெட் வில்டன் என்பவர் சத்துள்ள மாவை முட்டையில் பிசைந்து அவித்து, மேலே ஒரு தோல் உண்டாக்கினால் சின்ன மீன் நோண்ட முடியாது என்று தொடங்கி வைத்த வழி. மலிவான அடிமாவு ரவையும் சோயா மாவும் சரிபாதி. ஆறு முட்டையை அடித்து, அரை கிலோ மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிப் பிசைய வேண்டும், கையில் ஒட்டாத பதம் வந்ததும் நிறுத்திவிடலாம். நான் அதில் வெந்தயப் பொடி ஒரு தேக்கரண்டி, மஞ்சள்தூள், சர்க்கரை இரண்டு கரண்டி சேர்த்தேன். கோலிக்குண்டு அளவில் உருட்ட உட்கார்ந்தால் கோகுலாஷ்டமிக்குச் சீடை உருட்டுகிற மாதிரியே இருந்தது, மகளும் வந்து உட்கார்ந்துவிட்டாள். கொதிக்கிற தண்ணீரில் இருபது இருபதாகப் போட்டு ஒன்றரை நிமிடம், எடுத்துத் துணியில் ஓர் இரவு உலர்த்தல். முதல் தடவை நன்றாக வேகட்டுமே என்று ஐந்து நிமிடம் விட்டேன், ஆறியதும் சீடையேதான், சுவரில் எறிந்தால் சுவருக்குச் சேதம். உள்ளே இருக்கிற ருசி வெளியே கசியவே வழியில்லை.

வாசனை விஷயத்தில் என் கருத்து இப்போது கொஞ்சம் மாறிவிட்டது. ஒரு தடவை வெனிலா எசன்ஸை மூடியால் அளக்காமல் அப்படியே ஊற்றிவிட்டேன், அன்று ஒரு மீன்கூடத் தொடவில்லை. பெருங்காய எண்ணெயைக் கெண்டைக்கென்று சின்னப் பாட்டிலில் விற்கிறார்கள். நம் வீட்டுப் பெருங்காயத்தையே ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தேன், வீடு ரசம் வைத்த மாதிரி மணத்தது, மீனிடம் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. குளிரில் எண்ணெய் சேர்ப்பது வீண், தண்ணீரில் கெட்டியாகி அப்படியே நின்றுவிடும். 1952 செப்டம்பரில் ரிச்சர்ட் வாக்கர் என்ற தூண்டில்காரர் ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டு, அதாவது இருபது கிலோ கெண்டையைப் பிடித்தார், இங்கிலாந்தே வாய்பிளந்தது. முள்ளில் இருந்தது ரொட்டியின் மேல்தோலும் பிசைந்த ரொட்டி மாவும்தான். அந்த மீனை லண்டன் மிருகக்காட்சி சாலையில் கொண்டுபோய் வைத்தார்கள், 1971 வரை அங்கேயே இருந்தது. அவரிடம் எந்த எசன்ஸ் பாட்டில் இருந்தது? எனக்கு அறுபது பவுண்டு போனபின் வந்த ஞானம் இது.

ஜூலை இரண்டாவது சனிக்கிழமை. காலை ஐந்து மணிக்கே போய்விட்டேன், எதிர்க்கரையில் ஒரு வில்லோ மரத்தை அடையாளம் வைத்து, தூண்டில் நரம்பை ரீலின் கிளிப்பில் மாட்டி, ஒவ்வொரு வீச்சும் அதே இடத்தில், அதே தூரத்தில் விழும்படி செய்துகொண்டேன். நல்ல தீவனத்தைப் பத்து இடத்தில் இறைத்தால் பத்து இடத்திலும் மீன் நிற்காது. முதலில் ஆரஞ்சு அளவு ஆறு உருண்டை. அப்புறம் நரம்பில் கட்டிய சின்னக் கம்பிக் கூண்டில், ஃபீடர் என்பார்கள், தீவனத்தை அடைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு வீச்சு. ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு நுனி லேசாகத் துடித்தது, நின்றது, மறுபடி துடித்தது. இழுத்துவிடத் தோன்றும், இழுக்கக் கூடாது. அது மீன் தின்பது இல்லை, கூட்டமாக வந்த மீன்களின் முதுகு நரம்பில் உரசுவது. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்து நுனி துடிக்கவே இல்லை, மெதுவாக, யாரோ விரலால் அழுத்துகிற மாதிரி வளைந்து வளைந்து அப்படியே நின்றது. தூக்கினேன். கனமாக வந்தது, சண்டையெல்லாம் பெரிதாக இல்லை, ஈரச் சாக்கை இழுப்பது போல. வலைக்குள் படுத்தபோது பார்த்தால் என் தோசைக்கல் அளவு, ஐந்து பவுண்டுக்கு இரண்டு அவுன்ஸ் குறைவு. வாய் ஓரத்தில் ரொட்டித்தூள் ஒட்டியிருந்தது, நடுவில் ஒரு மல்லித் துணுக்கு.

அன்று ஏழு பிரீம். சட்டைக்கை, வலை, பாய் எல்லாம் கோந்து. மதியம் கடலை கோத்த இரண்டாவது தூண்டிலில் ஒரு கண்ணாடிக் கெண்டை, பதினோரு பவுண்டு. சோயா பாய்லிக்கு அன்று ஒன்றும் இல்லை. ஆகஸ்டில் அதற்கு இரண்டு கெண்டை வந்தன, ஆனால் உருட்டுகிற வேலையை நினைத்தால் எனக்குச் சுண்டலே போதும்.

மிச்சமானதை என்ன செய்வது என்றும் சொல்ல வேண்டும், இதிலும் அடிபட்டிருக்கிறேன். பாய்லியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஒரே வாரத்தில் பூசணம், அன்றே பிரீசரில் போடுங்கள். நனைத்த தீவனத்தையும் பிரீசரில் வைக்கலாம், உருகியபின் இன்னொரு தடவை சலிக்க வேண்டும். வெந்த கடலையை வாளியோடு கார் டிக்கியில் மறந்து விட்டுவிட்டேன், ஜூன் வெயிலில் மூன்று நாள். நாலாம் நாள் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும்போது மூடி தானாகத் தூக்கிக்கொண்டு ஊற்றிவிட்டது. சமையல் சோடாவும் வினிகரும் போட்டு இரண்டு தடவை கழுவியாயிற்று, இன்னும் வெயில் அடித்தால் கார் புளித்த வாசனைதான்.

இந்த வாரத்துக்கு நேற்று இரவு ஒரு கிலோ கடலை ஊறப் போட்டேன். காலையில் பார்த்தால் பாத்திரத்தில் பாதிதான் இருக்கிறது. அடுப்பில் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்கிறது, தேங்காய்த் துருவல்கூட எடுத்து வைத்தாயிற்று. சனிக்கிழமைக்குள் இன்னும் அரை கிலோ வாங்கி வந்து ஊறவைக்க வேண்டும்.